டோரஸுக்குக் கைதட்டலாமா? செல்லூர் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணே,

குடும்ப குரூப்பில் நீங்கள் போட்ட வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அங்கேயே பதில் சொல்லியிருந்தால் நமக்குள் ஏதோ சொத்துத் தகராறு என்று பெரியம்மா பயந்திருப்பார். அதனால் இங்கே எழுதுகிறேன். நம்மைப் போல மதுரையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்புக்காகத் தூக்கம் கெட்ட நாலு பேர் இதைப் படித்தால், அவர்களும் பஞ்சாயத்துக்கு வரட்டும்.

"அந்த ஆளுக்கு எதுக்குடா ஆன்ஃபீல்டே கைதட்டுது?" நம் கிளப்பை விட்டுப் போன ஃபெர்னாண்டோ டோரஸுக்கு நம் ஆன்ஃபீல்ட் மைதானம் கைதட்டியதைப் பார்த்து, இதுதானே உங்கள் கேள்வி?

2024 மார்ச் 23. நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பின் பழைய வீரர்களோடு நம் பழைய வீரர்கள் மோதிய நிதி திரட்டும் ஆட்டம். எனக்கு அந்த ராத்திரியின் நாயகன் டோரஸ் கிடையாது, இங்கிலாந்து அணியின் முன்னாள் மேனேஜர் ஸ்வென் எரிக்சன். புற்றுநோய், அதிகபட்சம் ஒரு வருடம்தான் என்று அந்த ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்ன மனுஷன். வாழ்நாள் லிவர்பூல் ரசிகர். ஒரு நாளாவது நம் பெஞ்சில் மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, உட்கார வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு நிறைவேறியது. இரண்டு கோல் பின்தங்கியிருந்து 4-2 என்று ஜெயித்தோம். நாலாவது கோல் ஃபெர்னாண்டோ டோரஸ். நாற்பது வயது முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் அந்த கோலை மட்டும் பார்த்துவிட்டுக் கொதித்துப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஆளை எனக்கு அறிமுகப்படுத்தியதே நீங்கள்தானே. 2007-08, ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் கிளப்பிலிருந்து வந்த முதல் சீசனிலேயே லீக்கில் 24 கோல். 2009 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டை 4-0 என்று அனுப்பிய நாலாவது நாள் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டிலேயே 4-1. யுனைடெட் தடுப்பாட்டக்காரர் விடிச்சிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை மறுநாள் தமுக்கம் பக்கத்து டீக்கடையில் நீங்கள் நடித்துக் காட்டி, முன்பின் தெரியாத ஒருவர் சட்டையில் டீயைக் கொட்டினீர்கள். விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சிவப்பு பனியனில் அவர் பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகியிருந்தது. அதையும் பெருமையாகப் போட்டுக்கொண்டு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்தீர்கள்.

2011 ஜனவரி 31. லண்டனின் செல்சி கிளப் ஐந்து கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அதுவரை எந்த பிரிட்டிஷ் கிளப்பும் ஒரு வீரரை வாங்க அவ்வளவு கொடுத்ததில்லை. அந்த வாரமே உங்கள் பனியன் வண்டி துடைக்கும் துணியானது. ஆறாவது நாள் அவர் செல்சிக்காக இறங்கிய முதல் ஆட்டமே நமக்கு எதிராக. 'நீ ஒருபோதும் தனியாக நடக்க மாட்டாய்' என்ற நம் கிளப் பாட்டைத் திருப்பிப் போட்டு, 'காட்டிக்கொடுப்பவன் எப்போதும் தனியாகத்தான் நடப்பான்' என்று நம் ஆட்கள் பேனர் பிடித்தார்கள். நம் மெய்ரெலிஸ் கோல் போட்டு ஜெயித்தோம், டோரஸைப் பாதியில் வெளியே எடுத்தார்கள். அன்றைக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த பரோட்டாவை நான் மறக்கவில்லை.

ஆனால் அண்ணே, அவர் போகும்போது நம் வீடு எப்படிக் கிடந்தது? முதலாளிகளாக இருந்த ஹிக்ஸும் ஜில்லெட்டும் கிளப்பைக் கடனில் மூழ்கடித்திருந்தார்கள். 2009இல் நம் முக்கிய வீரர் சாபி அலோன்ஸோ போனார், 2010இல் மேனேஜர் பெனிட்டஸும் இன்னொரு வீரர் மஸ்கெரானோவும் போனார்கள். அந்த அக்டோபரில் லீக்கின் 20 அணிகளில் நம் அணி 19ஆவது இடத்தில். பெரிய கோப்பைக்கு ஆடுவோம் என்று நம்பி வந்த ஒருவன், 26 வயதில், இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பான்? கிளம்பியதை நான் தப்பு சொல்ல மாட்டேன். சீசன் நடுவில், கடைசி நாளில், அதுவும் செல்சிக்குப் போனதுதான் உறுத்துகிறது. ஸ்பெயினுக்கே திரும்பியிருந்தால் நாம் இரண்டு நாள் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்போம்.

அப்புறம் 2014 ஏப்ரல் 27, லீக் பட்டத்தை நாம் நெருங்கியிருந்தபோது ஆன்ஃபீல்டில் செல்சியோடு நடந்த ஆட்டம். உங்கள் முன் இதை எடுக்கவே பயமாக இருக்கிறது. நம் கேப்டன் ஜெரார்ட் வழுக்கி விழுந்து ஒரு கோல் போனதை உலகமே பேசுகிறது. நீங்கள் மட்டும் கடைசி நிமிட கோலைத்தான் பேசுவீர்கள். நம் ஆட்கள் மொத்தப் பேரும் முன்னால் ஏறிவிட்டார்கள், செல்சியின் டோரஸும் வில்லியனும் தனியாக ஓடுகிறார்கள், எதிரில் கோலி, அதாவது கோல்கீப்பர், மட்டும். தானே அடித்திருக்க வேண்டியவர் பக்கத்தில் தள்ளிவிட, வில்லியன் காலி வலைக்குள் உருட்டினார். இரண்டு புள்ளியில் மான்செஸ்டர் சிட்டியிடம் லீக் போனது. "அடிச்சிருந்தாக்கூட ஆத்திரம் ஆறியிருக்கும், பாஸ் குடுத்தான் பாரு" என்று இன்னமும் சொல்கிறீர்கள். நம் வலையில் கோல் போட மனசு வரவில்லை என்று ஒரு கூட்டம் உருகுகிறது. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. பக்கத்தில் ஆள் சும்மா ஓடிவரும்போது பாஸ் கொடுப்பதுதான் சரியான ஆட்டம். அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். கைதட்டியவர்களுக்கும் பிடிக்காது. அவர் செல்சியில் ஜொலிக்காததால்தான் நமக்கு மன்னிப்பது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. முதல் கோலுக்கே ஏப்ரல் 23 வரை காத்திருந்தார். மூன்றரை வருடத்தில் லீக்கில் மொத்தமே 20 கோல். யுனைடெட்டுக்கு எதிராக கோலியைத் தாண்டிப் போய் காலி வலைக்கு வெளியே அடித்தாரே, அந்த வீடியோவை நீங்கள் ப்ளூடூத்தில் ஊருக்கே அனுப்பினீர்கள். நானும் வாங்கிப் பார்த்துச் சிரித்தேன். அங்கே போய் வருடத்துக்கு முப்பது கோல் போட்டிருந்தால், ஆன்ஃபீல்ட் எழுந்து நின்றிருக்குமா? சந்தேகம்தான். ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் மெடல் வாங்கினார், கேம்ப் நௌ மைதானத்தில் பார்சிலோனாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோலும் போட்டார், உண்மைதான். ஆனால் 81 கோல் போட்ட நம் டோரஸ் அங்கே போய்ச் சேரவே இல்லை. அவருடைய நல்ல காலம் முழுசும் நம் கணக்கில் இருக்கிறது. பாசத்தில் பாதி, திருப்தியில் பாதி, அதுதான் அந்தக் கைதட்டல்.

நம் பக்கத்துக் காதுகுத்துகளில் பார்த்திருப்பீர்கள். பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி திடீரென்று வந்து மொய் எழுதுவார். நோட்டில் பெயரை எழுதிக்கொள்வார்கள், இலை போட்டுச் சாப்பாடும் போடுவார்கள். பழைய கணக்கை யாரும் அழித்துவிட மாட்டார்கள். ஆன்ஃபீல்டில் நடந்ததும் அதுதான். அது முதல் தடவையும் இல்லை. 2015 மார்ச்சில் நம் ஜெரார்டும் நம் பழைய வீரர் காரகரும் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிய நிதி ஆட்டத்துக்கு டோரஸ் வந்தபோதே பெரிய வரவேற்பு. அன்று நம்மிடமிருந்து பார்சிலோனாவுக்குப் போன சுவாரெஸும் வந்தார், அவருக்கும் அதே கைதட்டல். நாலு வருடம் கழித்து பார்சிலோனா சட்டையில் அதே சுவாரெஸ் நம் வலையில் கோல் போட்டுக் குதித்தார். அடுத்த வாரம் அவர் ஆன்ஃபீல்டில் இறங்கியதும் அதே கூட்டம் ஊளையிட்டது. ஆக, கைதட்டல் என்பது அன்றைய ஒரு நாளைக்குத்தான், பயப்படாதீர்கள்.

மாட்ரிட்டில் இந்தக் குழப்பமே இல்லை. 2015 ஜனவரியில் அட்லெட்டிகோவுக்குத் திரும்பியவரை வரவேற்க மட்டும் 45,000 பேர் கால்டெரோன் மைதானத்துக்கு வந்தார்கள். அது அவர் வளர்ந்த வீடு, நம்முடையது இடையில் வந்த வீடு.

நமக்கு அப்படி வளர்ந்த பிள்ளை யார்? மைக்கேல் ஓவன். நம் இளைஞர் அணியிலிருந்து வந்து 158 கோல் போட்டவர். 2004இல் ரியல் மாட்ரிட் போனார், அடுத்த மே மாதம் நாம் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை தூக்கினோம். அந்த டிசம்பரில் நியூகாஸில் கிளப் சட்டையில் ஆன்ஃபீல்ட் வந்தவரிடம் "இஸ்தான்புல்லில் எங்கே இருந்தாய்?" என்று கூட்டம் பாடியது. கடைசியில் 2009இல் யுனைடெட்டில் போய் 7ஆம் நம்பர் சட்டை. உங்களுக்கு இவர் மேல் கோபமே இல்லை, "சின்னப் பையன், தெரியாம போயிட்டான்" என்கிறீர்கள். வெளியூரிலிருந்து வந்து நாலு வருடம்கூட இருக்காத டோரஸுக்கு ஆயுள் தண்டனை, வீட்டுப் பிள்ளைக்கு விடுதலையா? இது என்ன நியாயம் அண்ணே?

டோரஸுக்கு நான் கைதட்டிவிட்டேன். நீங்கள் தட்ட வேண்டாம், வற்புறுத்த மாட்டேன். ஓவன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை. அதைப் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை தல்லாகுளம் வாருங்கள், சாப்பாடு நம் வீட்டில்.

உங்கள் தம்பி