சனிக்கிழமை பீரை எங்கே வைப்பது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கூடவே மடித்து வைத்திருந்த பயிற்சி அட்டவணையும் கிடைத்தன. இங்கே எல்லாரும் நலம். என் முழங்காலை விசாரித்திருந்தாய். அதுவும் நலமே, மாடிப்படி இறங்கும்போது மட்டும் லேசாக முனகுகிறது.

இந்த வயதில் 21 கி.மீ. அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய், நல்ல காரியம். இன்னும் 14 வாரம் இருக்கிறது, அதுவரை பீரைத் தொடக்கூடாதா என்பதுதான் உன் முதல் கேள்வி. ஷூவும் சாப்பாடும் அதற்கப்புறம்தான் வருகின்றன. ஆள் மாறவே இல்லையடா நீ. விட வேண்டியதில்லை. ஆனால் உன் அட்டவணையில் பீர் உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை. சனி ராத்திரி மூன்று பாட்டில், ஞாயிறு காலை ஐந்து மணிக்கு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், என்று போட்டிருக்கிறாய். வாரத்திலேயே கடினமான ஓட்டத்தை வாரத்திலேயே மோசமான தூக்கத்துக்குப் பின்னால் கட்டிவைத்திருக்கிறாய்.

கணக்குப் போட்டுப் பார். 330 மில்லி, 5 சதவீத பீர் என்றால் அதில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். மூன்று பாட்டிலுக்கு 39 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் கழிக்கும். ஒன்பதுக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடித்தால், நீ படுத்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் அது ஓவர்டைம் பார்க்கிறது. தூக்கம் சீக்கிரம் வரும், உண்மைதான். ஆனால் பின்னிரவில் அடிக்கடி கலையும், நாடித் துடிப்பும் இறங்காமல் நிற்கும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அமுக்கிவிடுவதால், வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளியே போகும். இத்தனைக்கும் பிறகு ஞாயிறு காலை எட்டாவது கிலோமீட்டரில் கால் கனக்கிறது, ஷூ சரியில்லையோ என்று என்னைக் கேட்கிறாய்.

லாங் ரன்னைச் சனி காலைக்குக் கொண்டுவா. பீர் சனி சாயங்காலம். ஞாயிறு ஓய்வு. கூட்டத்தையும் விட வேண்டாம், ஓட்டத்தையும் கெடுக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை வேகப் பயிற்சிக்கு முந்தின ராத்திரியும் பாட்டிலை எடுக்காதே. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே நாடியை எண்ணும் பழக்கம் வைத்துக்கொள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்றைக்கு வேகம் வேண்டாம், மெதுவோட்டம் போதும். காரணம் பீராகவும் இருக்கலாம், வரப்போகும் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

அட்டவணையில் பீரைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. வாரம் ஆறு நாளும் ஒரே வேகம், கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடம். உனக்கு 10 கி.மீ. ஓட 60 நிமிடம் ஆகிறது. அப்படியென்றால் ஆறேகால் உன் அரை மாரத்தான் வேகம். தினமும் போட்டியே ஓடிக்கொண்டிருக்கிறாய். மெதுவோட்டம் என்றால் உனக்கு 7:00லிருந்து 7:30. பக்கத்தில் ஓடுபவனிடம் முழு வாக்கியமாக, மூச்சிரைக்காமல், வம்பு பேச முடிய வேண்டும். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது மெதுவோட்டமே இல்லை. வாரக் கிலோமீட்டரில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வேகத்தில் போகட்டும்.

மிச்சப் பங்கில்தான் வேகம். ஒரு வாரம் 400 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 18 விநாடியில், இடையில் ஒன்றரை நிமிடம் நடை. அது உன் 5 கி.மீ. போட்டி வேகம். அடுத்த வாரம் டெம்போ, அதாவது சற்றே கடினமான, சீரான ஓட்டம்: 15 நிமிடம் சூடேற்றிக்கொண்டு, கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் 20 நிமிடம். முதல் 400ஐ 2:05க்குப் பறக்கவிட்டு கடைசியை 2:30க்கு இழுத்து முடிப்பவர்கள்தான் அதிகம். எட்டும் இரண்டு விநாடி வித்தியாசத்துக்குள் வந்தால்தான் அது பயிற்சி.

இப்போது வாரம் 22 கி.மீ. ஓடுகிறாய். பத்தாவது, பதினோராவது வாரத்துக்குள் 40ஐத் தொடலாம், ஆனால் ஒவ்வொரு நான்காவது வாரமும் கால் பங்கு குறைத்துக்கொள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் நிதானமாகத்தான் பழகும். ஆறாவது வாரத்தில், 'நன்றாகத்தானே ஓடுகிறோம்' என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். லாங் ரன் 9லிருந்து 18 வரை ஏறினால் போதும், 21ஐப் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்காதே. கடைசி இரண்டு வாரம் தூரத்தை முதலில் 70 சதவீதமாக்கு, அப்புறம் 40. வேகத்தை மட்டும் கொஞ்சம் தொட்டுக்கொண்டே இரு. இந்த இரண்டு வாரத்தில் சும்மா இருக்கும் கை பாட்டிலைத் தேடும், ஜாக்கிரதை.

பீரில் கார்போஹைட்ரேட் இருக்கிறதே, போட்டிக்கு முந்தின நாள் அதையே குடித்து ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது கிண்டல் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் பதில் சொல்கிறேன். 70 கிலோ ஆளுக்கு அன்றைக்கு 500 கிராம் வேண்டும். ஒரு பாட்டிலில் இருப்பது 11 கிராம் அளவு. நாற்பத்தைந்து பாட்டில். ஓட்டமே வேண்டாம், அதற்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம். எரிசக்திக் கணக்கு வேறு. ஒரு பாட்டில் சுமார் 140 கலோரி. ஓடினால் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி போகும். ஆக உனக்கு ஒரு பாட்டில் இரண்டு கிலோமீட்டர். 16 கி.மீ. ஓடினால் எட்டு பாட்டில் சம்பாதித்துவிட்டோம் என்று உன் மூளை கணக்குப் போடும். அதை நம்பி எடை ஏறியவர்கள் ஏராளம்.

போட்டி நாளுக்கு உன் இலக்கு 2 மணி 12 நிமிடம், கிலோமீட்டருக்கு 6:15. முதல் மூன்று கிலோமீட்டரை 6:25ல் ஓடு. எல்லாரும் உன்னைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். பதினாறாவது கிலோமீட்டரில் அவர்களில் பாதிப் பேரைத் திரும்பப் பார்ப்பாய். கைக்கடிகாரத்தை அப்படியே நம்பாதே. வளைவுகளில் ஓரம் மாறி மாறி ஓடுவதால் முடியும்போது அது 21.3, 21.4 என்று காட்டும். கடிகாரத்தில் 6:15 என்று நிம்மதியாக இருந்துவிட்டுக் கடைசியில் ஒன்றரை நிமிடம் எங்கே போனது என்று விழிக்க வேண்டியிருக்கும். வழியில் நட்டிருக்கும் கிலோமீட்டர் பலகையில் கடிகாரத்தை அழுத்து. ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் என்றால் நாற்பத்தைந்தாவது நிமிடம் ஒன்று, எண்பத்தைந்தில் ஒன்று, தண்ணீரோடு. உரசிப் புண்ணாகாமலிருக்க அக்குளிலும் தொடையிலும் பெட்ரோலியம் ஜெல்லி, மார்புக் காம்பில் ஒட்டுப் பட்டை. புது சாக்ஸ், புது ஷூ எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் முதல் பீர் எப்போது என்பதைத்தான் நீ அடிக்கோடிட்டுக் கேட்டிருக்கிறாய். உடனே வேண்டாம். ஓடி நின்றதும் ரத்தம் காலில் தேங்கும், அழுத்தம் சரியும். ஆல்கஹால் ரத்தக் குழாயை இன்னும் தளர்த்தும். கையில் பதக்கமும் கோப்பையுமாக வரிசையிலேயே மயங்கி விழுவது இப்படித்தான். பத்து நிமிடம் நட. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் கொஞ்சங்கொஞ்சமாகக் குடி. 20, 25 கிராம் புரதம் வருகிற மாதிரி ஏதாவது சாப்பிடு. ஒரு மணி நேரம் கழித்து, சிறுநீர் வெளிறிய பிறகு, உட்கார்ந்து குடி. எடை பார்க்க வசதியிருந்தால் முன்னும் பின்னும் பார். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும், அதில் பீரைச் சேர்க்காதே. வலி மாத்திரையும் பீரும் ஒரே மேஜையில் வேண்டவே வேண்டாம்.

1997ல் வந்த ஓர் ஆய்வில், வியர்த்து வறண்டவர்களுக்கு 0, 1, 2, 4 சதவீத ஆல்கஹால் உள்ள பானங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நான்கில் உடம்பு நீர் மீள்வது தாமதமானது. ஜெர்மனியில் பீரில் பாதி எலுமிச்சை சோடா கலந்து 'ராட்லர்' என்பார்கள். சைக்கிள்காரன் என்று அர்த்தம். கணக்குக்கு ஒத்துவரும் கலவைதான், சுவையைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும். ஆல்கஹால் இல்லாத பீரும் லேசுப்பட்டதில்லை. 2009 மியூனிக் மாரத்தானை ஒட்டி 277 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வில், போட்டிக்கு மூன்று வாரம் முன்பிலிருந்து இரண்டு வாரம் பின்பு வரை தினமும் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் அதைக் குடித்தவர்களுக்குச் சளி, இருமல் குறைவாக வந்தது. இதைக் காட்டி நிஜ பீருக்கு அனுமதி கேட்காதே.

பீர் தசையைக் கெடுக்கும் என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தாய். 2014ல் வந்த ஆய்வு அது. கடும் பயிற்சிக்குப் பிறகு புரதத்தோடு ஆல்கஹாலும் கொடுத்தபோது தசை உருவாவது 24 சதவீதம் குறைந்தது. ஆனால் கொடுத்த அளவு கிலோவுக்கு ஒன்றரை கிராம், உன் எடைக்கு எட்டு பாட்டில். இரண்டு பாட்டிலுக்கு அந்தப் பயம் அதிகப்படி என்பது என் கருத்து. எட்டு குடிக்கிறவனுக்குத் தசை கடைசிக் கவலை.

கடைசியாகப் பீர் மைல். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், விளையாட்டுதானே என்கிறாய். விளையாட்டுதான், ஆனால் விதி கறாரானது. கனடாவில் பிறந்த கிங்ஸ்டன் விதிப்படி 355 மில்லி பீர் நான்கு, ஒவ்வொன்றும் குறைந்தது 5 சதவீதம். ஒரு பீர், 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒரு சுற்று. இப்படி நான்கு முறை. மைல் என்பது 1,609 மீட்டர் என்பதால் முடிவுக் கோட்டுக்கு 9 மீட்டர் பின்னாலிருந்து ஆரம்பம். கோட்டுக்கு முன்னாலிருக்கும் அந்தப் பகுதிக்குள்ளேயே பீரைத் திறந்து, அங்கேயே குடித்து முடிக்க வேண்டும். கேனில் ஓட்டை போடக்கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது. வாந்தி எடுத்தால் கடைசியில் ஒரு சுற்று கூடுதல். எத்தனை முறை எடுத்தாலும் தண்டனை ஒன்றுதான், அந்தக் கருணை உண்டு. 2014ல் ஜேம்ஸ் நீல்சன் 4:57ல் முடித்து ஐந்து நிமிடத்தை முதலில் உடைத்தார். 2018ல் கோரி பெல்மோர் 4:24ல் வந்தும் சாதனையாகவில்லை. நான்கிலும் சேர்த்து மிச்சம் 4 அவுன்ஸ் வரைதான் இருக்கலாம், அவருடையதை அளந்தபோது நாலரை.

இதில் எதிரி வாயு. ஒவ்வொரு கேனிலும் அதன் அளவைப்போல இரண்டரை மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கிறது. நான்குக்கும் சேர்த்து மூன்றரை லிட்டர். ஜில்லென்று இருந்தால் வாயு கரைந்தபடியே உள்ளே போய், சூடான வயிற்றில் ஓட்டத்தின் குலுக்கலில் மொத்தமாகக் கிளம்பும், மூன்றாவது சுற்றில் நுரையாக மேலே வரும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வை, குலுக்காமல் கொண்டு போ. கேனை நேர்செங்குத்தாகக் கவிழ்க்காதே, வாயை முழுக்க மூடிவிட்டால் காற்று புகாமல் களக் களக் என்று விட்டுவிட்டு வரும். துளையின் மேல் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி தெரியும்படி சாய்த்தால் ஒரே சீராக இறங்கும், மூக்கால் மூச்சு விடலாம். கேனை வைத்ததும் முதல் ஐம்பது மீட்டர் நிமிர்ந்து மெதுவாக ஓடி ஏப்பத்தை வெளியேற்று. குனிந்தால் ஏப்பத்தோடு பீரும் வரும்.

பழக வேண்டுமென்றால் ஒரு கேன் சோடா, ஒரு சுற்று, அத்தோடு நிறுத்து. தண்ணீரை லிட்டர் கணக்கில் மடக்கிப் பழகாதே, ரத்தத்தில் உப்பு சரிந்து ஆபத்தாகும். வெறும் வயிற்றோடும் போகாதே, மூன்று மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடு. பத்து நிமிடத்தில் 56 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. ஓடும்போது ஒன்றும் தெரியாது, அரை மணி கழித்துத்தான் ஏறும், முழுக்க இறங்க ஏழு மணி நேரம் போல ஆகும். வண்டிச் சாவியை முதலிலேயே குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடு. அரை மாரத்தானுக்கு முந்தின மூன்று வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதே.

போட்டியே வேண்டாம், ஓட்டமும் பீரும் சிரிப்பும் போதும் என்றால் ஹாஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் கூட்டம் ஒன்றைத் தேடு. 1938ல் கோலாலம்பூரில் தொடங்கியது. முன்னால் போகிறவர் மாவால் வழிக்குறி போட்டுக்கொண்டே போவார், நடுவில் பொய்வழியும் வைப்பார். வேகமானவர்கள் அதில் ஏமாந்து திரும்புவதற்குள் மெதுவானவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். நல்ல தாகத்தைச் சம்பாதித்து அதைப் பீரால் தீர்ப்பது என்று 1950ல் பதிவு செய்தபோது நோக்கங்களில் ஒன்றாகவே எழுதிக் கொடுத்தார்கள். உனக்கென்றே எழுதினது போல இருக்கிறது.

திருத்திய அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். பீர் மைலுக்குப் போவதானால் கேனில் அளவைப் பார்த்து வாங்கு. 330 மில்லி என்று போட்டிருந்தால் கிங்ஸ்டன் கணக்கில் அது முழுப் பீரே கிடையாது.

அன்புடன்,
ரகு