கன்றுத் தீவனத்தைப் பாலில் கரைக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் கன்றுத் தீவனம் வாங்குகிறவர்கள் பலர் அதைப் பாலிலோ வெந்நீரிலோ கரைத்துப் புகட்டுவதாகச் சொல்கிறார்கள். சின்னக் கன்று, கெட்டியாக எப்படித் தின்னும் என்ற கரிசனம்தான். ஆனால் அப்படிக் கொடுத்தால் தீவனம் வாங்கியதன் பயனே போய்விடும்.

மாட்டின் வயிறு நாலு அறைகள் கொண்டது; ஒவ்வொன்றையும் ஒரு வயிறு என்றே சொல்கிறோம். பிறந்த கன்றுக்கு நாலாவது வயிறுதான் பெரிது. மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய 60 சதவீதம் அதுவே. அசைபோட உதவும் முதல் வயிறு கால்வாசிதான் இருக்கும். வளர்ந்த மாட்டில் நிலைமை தலைகீழ்: முதல் வயிறு மட்டும் 80 சதவீதம். கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு மடிப்பு மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்றில் விடாமல் நேராக நாலாவது வயிற்றுக்கு அனுப்பிவிடும். பாலுக்கு அதுதான் சரியான வழி. அதில் கரைத்த தீவனமும் அதே வழியில் போவதுதான் சிக்கல். முதல் சில வாரங்களில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனும் கன்றுக்குக் குறைவு. கஞ்சி காய்ச்சி ஊற்றினால் கழிச்சல் வருவது இதனால்தான்.

உலர்வாகத் தின்ற தீவனம் முதல் வயிற்றில் தங்கும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைக்க, பியூட்டிரிக் அமிலம் போன்றவை உண்டாகும். இந்த அமிலங்கள்தான் வயிற்றுச் சுவரில் சிறு முளைகளை வளர்க்கின்றன. ஆட்டுக் குடல் வாங்கிச் சமைப்பவர்கள் அந்தச் சொரசொரப்பைப் பார்த்திருப்பீர்கள். சத்தை உறிஞ்சுவது அதுதான். பாலை மட்டுமே குடித்து வளர்ந்த கன்றுக்குச் சுவர் மெலிந்து, முளைகள் சரியாக வளராமல் இருக்கும். பாலை நிறுத்தியதும் அது இளைத்துப்போவதில் வியப்பில்லை.

வைக்கோலும் புல்லும் வயிற்றை விரிக்கும், தசைக்கு வலுக் கொடுக்கும். ஆனால் முளைகளை வளர்ப்பதில் கன்றுத் தீவனம் போன்ற அடர்தீவனத்துக்கு ஈடாகாது. வைக்கோலால் பெருத்த வயிற்றைப் பார்த்து, கன்று தேறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். ‘பால்தான் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு?’ என்று கேட்பார்கள். வாளியில் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி முதல் வயிற்றுக்குப் போகும். நுண்ணுயிரிகளுக்கு அது வேண்டும். 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தண்ணீர் வைக்காத கன்றுகள் 31 சதவீதம் குறைவாகத் தீவனம் தின்றன. அவற்றின் எடை அதிகரிப்பும் 38 சதவீதம் குறைவு. முதல் வாரத்திலிருந்தே தனி வாளியில் சுத்தமான தண்ணீர் வையுங்கள்.

பால் குடித்து முடித்ததும் ஒரு சிட்டிகைத் தீவனத்தை வாயில் தடவி, ஒரு கைப்பிடியை அகலமான தட்டில் வையுங்கள். மிச்சத்தை மறுநாள் தாய்மாட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள். எச்.எஃப். (ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன்) கலப்பினக் கன்று தொடர்ந்து மூன்று நாள், நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவுக்குத் தின்றால் பாலை நிறுத்தத் தொடங்கலாம். ஜெர்சிக் கலப்பினத்துக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சரி. பெரிய மாட்டுக்கான, யூரியா கலந்த தீவனத்தைக் கன்றுக்கு வைக்கவே வேண்டாம்.

முதல் மாதத்தில் கன்று தின்பது மிகக் கொஞ்சம் என்பதால் முழு மூட்டை எடுக்க வேண்டியதில்லை. கடையில் கிலோ கணக்கில் சில்லறையாகவும் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாட்டுத் தீவனக் கடை