சிறு குற்ற வழக்கில் மேல்முறையீடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

கலிபோர்னியாவில் மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்களில் சிலர், விசாரணைக்கே சேமிப்பு முழுவதும் கரைந்துவிட்டதால், மேல்முறையீட்டை எண்ணிப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். வசதியற்றவர் கேட்டால் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கக்கூடும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை. அதனால்தான் இம்மடல்.

முதல் மேல்முறையீட்டில் வழக்கறிஞர் பெறும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல், கலிபோர்னியாவிலிருந்து சென்ற டக்ளஸ் வழக்கில் நிலைநாட்டியது. ஆனால் அது பெருங்குற்ற வழக்கு. 1979-இல் ஸ்காட் வழக்கில், கடையில் திருடியதற்காக 50 டாலர் அபராதம் மட்டும் விதிக்கப்பட்டவருக்கு, சிறைத்தண்டனை இல்லாத காரணத்தால், விசாரணையில் வழக்கறிஞரை நியமிக்க அரசியலமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கலிபோர்னிய நீதிமன்ற விதி 8.851 இதைவிடத் தாராளமானது. சிறைக்கு ஆளாகக்கூடியவர் மட்டுமன்றி, கூடுதல் கட்டணங்களையும் சேர்த்து 500 டாலருக்கு மேல் அபராதம் செலுத்த வேண்டியவரும், தண்டனையால் வேறு கடுமையான பின்விளைவுகளைச் சந்திக்கக்கூடியவரும், வசதியற்றவராக இருந்தால், வழக்கறிஞரைக் கோரலாம். விசா அல்லது கிரீன் கார்டில் வாழ்பவர்கள் இந்தக் கடைசிப் பிரிவைக் கூர்ந்து படிக்க வேண்டும். குடியேற்ற நிலைக்கு ஆபத்து உண்டென்றால், அதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதியே ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2019-இல் கார்ட்னர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: சாட்சியத்தை விலக்கிய உத்தரவை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யும்போதும், வசதியற்ற பிரதிவாதிக்கு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்றது.

விசாரணையில் சொந்தச் செலவில் வழக்கறிஞரை அமர்த்தியவர்களும் இப்போது வசதியிழந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். வருமானம், கடன் விவரங்களைத் தனிப் படிவத்தில் தர வேண்டியிருக்கும்.

காலக்கெடுதான் மிகக் கடுமையானது. தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சிஆர்-132 படிவத்தில் மேல்முறையீட்டு அறிவிப்பை, விசாரணை நடந்த மாவட்டத்தின் சுப்பீரியர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பெருங்குற்ற வழக்குகளுக்கு 60 நாட்கள் உண்டு என்பதால் பலர் இதில் குழம்பிவிடுகிறார்கள். அறிவிப்பைத் தந்ததாலேயே வழக்கறிஞர் வந்துவிடமாட்டார்; அதற்கென சிஆர்-133 படிவத்தில் தனியே கேட்க வேண்டும்.

தீர்ப்பு நகலுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். இவ்விரு படிவங்களையும் நிரப்பித் தருவதற்கு உங்களிடம் கட்டணம் பெறமாட்டோம்.

இப்படிக்கு,
அலுவலகத்தார்