ஜமாபந்தியில் மூன்றாவது மனு

ஆசிரியருக்கு வணக்கம்.

என் நிலத்தை அளந்து பிரித்துத் தனியாகத் தரும் உட்பிரிவு பட்டா கேட்டு, இந்த வருடமும் தாலுகா அலுவலகத்தில் நடந்த ஜமாபந்தியில் மனு கொடுத்துவிட்டு வந்தேன். ஊர் நிலவரிக் கணக்கை வருடம்தோறும் சரிபார்க்க வெள்ளைக்காரர் காலத்தில் வேரூன்றிய ஏற்பாடு இந்த ஜமாபந்தி. கலெக்டர் பதவியே வரி வசூலுக்காக உருவானதுதான். ஊரின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் இன்றும் பசலி என்ற பழைய வருவாய்க் கணக்கு ஆண்டுதான். ஜூலை 1-ல் பிறக்கிறது. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், வரி வசூலித்த மணியக்காரர் பதவிகளை 1980-ல் ஒழித்தோம், சரி. ஆனால் 1994 ஊராட்சிச் சட்டம் வந்த பிறகும், நாங்கள் ஓட்டுப் போட்ட ஊராட்சித் தலைவரால் என் வரப்பை அளக்க ஒரு சர்வேயரை அனுப்ப முடியாது.

என் பக்கத்தில் ஒரு பாட்டி மூன்றாவது மனுவை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் பை நிறைய, மடிப்பில் கிழிந்த கிஸ்தி (நிலவரி) ரசீதுகள். அவரை ஏன் தாலுகாவுக்கு அலைய விட வேண்டும்? கிராமசபை நடக்கும் வாரத்தில் சர்வேயர் ஊருக்கே வந்து அளக்கட்டும்.

— ஒரு சிறு விவசாயி