மாத்திரை அனுப்பாதே, பாப்பா

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீடியோ காலில் என் கன்னத்துக் கறுப்பைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் தம்பிக்கு ஃபோன் போட்டிருக்கிறாய். அப்பா என்னை அடிக்கவில்லை. கனவில் தண்ணீர்மலைப் பூங்காக் குரங்கை விரட்டியிருக்கிறார், கை என்மேல் பட்டுவிட்டது. எழுப்பியதும் குரங்கின் வால் நீளம் வரைக்கும் சொன்னார். விடிந்து என் முகத்தைப் பார்த்தபிறகு பசியாறவே இல்லை, பாவம்.

கனவு வரும் தூக்கத்தில், மூச்சுக்கும் கண்ணுக்கும் தேவையான தசைகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூளைத்தண்டு கட்டிப்போட்டு வைக்குமாம். அப்பாவுக்கு இருக்கும் பார்கின்சன் என்கிற நடுக்குவாத நோயில் பலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. 1986-இல்தான் மின்னசோட்டா டாக்டர்கள் இதைத் தனி நோயாக எழுதினார்கள். கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே வரலாமாம். நீ ஃபார்ம் ஃபைவ் படித்தபோது அப்பா தூக்கத்தில் கத்தி உதைத்ததும், பாட்டி தாயத்து கட்டிவிட்டதும் ஞாபகம் இருக்கிறதா?

சிக்காகோவிலிருந்து தூக்க மருந்து அனுப்புகிறேன் என்கிறாயே, அந்த நீலப் பாட்டிலில் இருப்பது டைஃபென்ஹைட்ரமின். பழைய அலர்ஜி மருந்து. வயசானவர்களுக்கு, அதுவும் இந்த நோய்க்காரருக்கு, புத்தி குழம்பும், மலம் கட்டும், மூத்திரமும் அடைத்துக்கொள்ளலாம். மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் மிட்டாயும் வேண்டாம். அதைத்தான் டாக்டர் 3 மில்லிகிராமில் ஆரம்பித்துக் கொடுக்கிறார், தேவைப்பட்டால் மெல்ல ஏற்றுவாராம். ஆனால் கடையில் விற்பதை நம்ப முடியாது. 2017-இல் கனடாவில் சோதித்தபோது, லேபிளில் போட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாததும் இருந்தது, கிட்டத்தட்ட ஆறு மடங்கு இருந்ததும் இருந்தது. குளோனாசிபம் என்று இன்னொரு மாத்திரை உண்டு. உதைப்பது அடங்கும், ஆனால் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தடுமாறி விழுவார். குறட்டையில் மூச்சு நிற்கிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. அதனால்தான் டாக்டர் முதலில் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மூச்சு அடைபடுவதும் வெளியே இதே மாதிரி தெரியுமாம்.

உதைப்பது தொல்லைகளில் ஒன்றுதான். நடுராத்திரி பார்கின்சன் மருந்தின் வேகம் குறைந்ததும் உடம்பு மரக்கட்டையாகிவிடும், புரண்டு படுக்க முடியாது. அதற்குத் தூக்க மாத்திரை என்ன செய்யும்? படுக்கும் நேரத்துக்கு அதே பார்கின்சன் மருந்தில் மெல்லக் கரையும் வகை லெவோடோபா கொடுத்தபிறகுதான் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. மூத்திரத்துக்கு எழுவது வேறு. சாயந்திரத்துக்கு மேல் தே தாரிக் டீ கிடையாது (இதற்குத்தான் பெரிய சண்டை). எழுந்தவுடன் பிரஷர் இறங்கிவிடும் என்பதால் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார வைத்துத்தான் நிற்கச் சொல்கிறேன். காலையில் வெயிலில் நடக்கக் கூட்டிப்போகிறேன். பகலில் சோபாவில் சாய்ந்தால் நானே போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

பட்டர்வொர்த் சித்தப்பாவுக்கும் மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அல்சைமர். பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுகிறவர். அல்சைமரில் அது தூக்கத்தைக் கூட்டுவதாக ஆய்வுகளிலும் தெரியவில்லையாம். மூளை நோய் என்றால் எல்லாம் ஒன்று, தூக்கம் வராவிட்டால் ஒரே மருந்து என்று நினைக்காதே. யாராவது ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டு அடக்கலாம் என்றால் அப்பா விஷயத்தில் உடனே தடுத்துவிடு. பார்கின்சன்காரருக்கு அது கை காலை அப்படியே முடக்கிவிடும். இதை உன் ஃபோனில் எழுதி வைத்துக்கொள்.

இப்போது கட்டிலைத் தாழ்த்தியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த கண்ணாடி மேசை ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. கீழே மெத்தை போட்டிருக்கிறேன். நான் அதே அறையில் தனிக்கட்டிலில் படுக்கிறேன். நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தவரை விட்டுத் தள்ளிப் படுப்பது எனக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். என்னை அடித்துவிடுவோமோ என்ற பயமே இதுவரை அவரை விழிக்க வைத்திருந்தது.

மருந்துப் பார்சலுக்குப் பதில், புரள்வதற்கு வசதியாக வழுவழுப்பான சாட்டின் விரிப்பு இரண்டு வாங்கி வா. தபாலில் போடாதே, தீபாவளி லீவில் நீயே கொண்டுவா. வந்ததும் ஒரு வாரம் அந்தத் தனிக்கட்டிலில் நீ படு. நான் தம்பி வீட்டுக்குப் போய்த் தூங்குகிறேன்.

அன்புடன்,
அம்மா