எங்கள் வீட்டில் தீப்பிடித்த அன்று இரவு வந்தவர்களுக்கும், அதற்கு முன்பே வந்தவருக்கும்

மேல் வீட்டு ஐயாவிடம் முதலில் ஒரு மன்னிப்பு. நன்றி அப்புறம்.

ஐந்து மாதங்களுக்கு முன் குழந்தையைப் பார்க்க வந்தீர்கள். தொட்டிலை எட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். அடுத்த நிமிடமே தலையைத் தூக்கி, "புகை அலாரம் எங்கே?" என்று கேட்டீர்கள். ஹாலில் ஒன்று இருந்தது. பட்டனை அழுத்திப் பார்த்தால் சத்தமே இல்லை. பின்பக்கம் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "10 வருஷம் தாண்டிடுச்சு, பேட்டரி மாத்திப் பிரயோஜனமில்லை, புதுசே வாங்கிடுங்க" என்றீர்கள். ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கிற மாதிரி வாங்கி, தூங்கும் அறைகளுக்குள்ளும் வெளியிலும் மாட்டச் சொன்னீர்கள். நீங்கள் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. குழந்தையைப் பார்க்க வந்தவர் வீட்டைச் சோதனை போடுகிறாரே என்று, நீங்கள் படியேறிய பிறகு இவரிடம் முணுமுணுத்தேன். மன்னித்துவிடுங்கள் ஐயா.

அலாரம் வாங்கினோம். ஆனால் இரவில் அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள் என்றதற்குத்தான் நான் முரண்டு பிடித்தேன். நான்கு வயதுக்காரி தனி அறையில் தூங்குகிறாள். கதவைச் சாத்தினால் அவள் இருமுவது எனக்கு எப்படிக் கேட்கும்? "அதுக்கு அவ சத்தம் உங்க அறையில கேட்கிற மாதிரி பேபி மானிட்டர் வைங்க. தீயை விடப் புகைதாம்மா அதிகம் பேரைக் கொல்லுது. சாத்தின கதவு அதைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தி வைக்கும்" என்றீர்கள். யார் எந்தக் குழந்தையைத் தூக்குவது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரும் ஒரே தொட்டிலுக்கு ஓடுவீர்கள் என்றும் சொன்னீர்கள். சின்னவன் எனக்கு, பெரியவள் அவருக்கு என்று அன்றே முடிவானது. வாசல் சாவியும் கதவுக்குப் பக்கத்தில் ஆணிக்கு வந்தது.

சோபாவின் மேல் பவர் பேங்க்கைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தது நான்தான். அதை மறைத்து இந்த மடலை எழுத மனம் வரவில்லை. இரவு இரண்டரை மணிக்கு எல்லா அலாரமும் ஒன்றாகக் கத்தின. லித்தியம் பேட்டரி குபீரென்று பற்றும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன்; சோபாவின் பஞ்சும் சேர்ந்தால் ஹால் எத்தனை சீக்கிரம் கறுக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஹால் கதவை இழுத்துச் சாத்தினேன், கைப்பிடி சுட்டது. சின்னவனை மார்போடு அணைத்து, தரையோடு தரையாகத் தவழ்ந்து வாசலுக்கு வந்தேன். புகை மேலே தேங்கும், மூச்சுவிடும் காற்று கீழேதான் இருக்கும்.

பெரியவளின் படுக்கை காலியாக இருந்ததாம். நாலாபக்கமும் அலாரம் அலற, இவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாலும் பதில் இல்லை. அப்போது உங்கள் வார்த்தைதான் நினைவுக்கு வந்தது என்கிறார்: "சின்னப் பசங்க பயந்தா ஓட மாட்டாங்க, ஒளிஞ்சுக்குவாங்க." கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரியில், தொங்கிய கவுன்களுக்குப் பின்னால், காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அதுவரை சாத்தியே இருந்த அறை என்பதால் அங்கே தேடுவதற்கு அவருக்குக் கண் தெரிந்தது. அதற்குள் நடையில் புகை இறங்கிவிட்டது. கதவை மறுபடி சாத்தி, இடுக்கில் போர்வையைத் திணித்து, ஜன்னலைத் திறந்து கை காட்டினார்.

தொலைபேசியில் பேசிய தீயணைப்பு நிலையத்துச் சகோதரிக்கு: உங்கள் முகம் எனக்குத் தெரியாது. திரும்ப உள்ளே போகிறேன் என்று நான் அழுதபோது நீங்கள் கோபப்படவில்லை. "போகாதீங்க. எந்த அறை, எந்தப் பக்க ஜன்னல், உள்ளே எத்தனை பேர், அதை மட்டும் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் உள்ளே போயிருந்தால் அதைச் சொல்ல வெளியில் ஆள் இருந்திருக்காது.

ஏணியில் ஏறி வந்த வீரருக்கு என்ன சொல்ல? முகமூடியும் அந்த உஸ்ஸென்ற மூச்சுச் சத்தமுமாக நீங்கள் ஜன்னலில் தெரிந்ததும், எங்கள் மகள் மறுபடி அலமாரிக்கே ஓடப் பார்த்தாளாம். நீங்கள் முகமூடியை விலக்கி, "மாமாதான்டா" என்று முகத்தைக் காட்டினீர்கள். கீழே வந்த பிறகும் விட்டுவிடாமல், அதை மாட்டிக் கழற்றி, மூச்சுவிட்டுக் காட்டி, இந்தச் சத்தம் கேட்டால் ஒளியாதே, "நான் இங்கே இருக்கேன்" என்று கத்து என்று சொல்லிக்கொடுத்தீர்கள். உங்களுக்கு அன்று வேறு வேலை நிறைய இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கீழ் வீட்டு அக்கா, சின்னவனைச் சுற்றி வைத்திருந்த உங்கள் கம்பளி எங்களிடம்தான் இருக்கிறது, துவைத்துவிட்டேன். பற்பசை கேட்ட என்னைத் திட்டி, வீங்குவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஐஸ்கூட வைக்க விடவில்லை. காயத்தைப் பார்த்த மருத்துவர், செய்தவர் விவரம் தெரிந்தவர் என்றார். உடை கொடுத்தவர்கள், இடம் கொடுத்தவர்கள், விடியும் வரை கூட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் நேரில் வந்து சொல்கிறோம்.

மகள் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு உஸ் உஸ் என்று மூச்சுவிட்டு விளையாடுகிறாள். நாங்கள் அப்படிச் சத்தம் போட்டால் எங்கிருந்தாலும் கத்திக்கொண்டு ஓடி வருகிறாள்.

ஐயா, ஹாலுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, அடுத்த வாரம் வீடு திரும்புகிறோம். ஒருநாள் வாருங்கள். தொட்டிலைப் பார்ப்பதற்கு முன்பே மேலே பார்த்தாலும் சரி.