ஆல்பத்தின் பின்னட்டையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்பட, தொலைக்காட்சித் தொடர் இசை ஆல்பங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் உங்கள் இசைப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். ஆனால் அங்கே வரும் ஆல்ப அறிமுகங்கள் படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர், இசை எப்படி இருக்கிறது என்ற கருத்து, இந்த மூன்றோடு முடிந்துவிடுகின்றன. சேகரிப்பவருக்கு வேண்டிய விவரம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. படத்தில் ஒலித்த அதே பதிவா, ஆல்பத்துக்கென்று தனியே வாசித்ததா? மொத்தம் எத்தனை நிமிடம்? மோனோவா, ஸ்டீரியோவா? எந்த ஆண்டுப் பதிப்பு? இந்த நான்கையும் ஒவ்வொரு அறிமுகத்தின் அடியிலும் இரண்டே வரியில் அச்சிட வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் கோரிக்கை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கும் உதவும்.

படத்தில் கேட்டதும் ஆல்பத்தில் இருப்பதும் பல நேரம் ஒன்றல்ல. புதியவர்கள் முதலில் ஏமாறும் இடம் இதுதான். ஹாலிவுட்டில் 1950, 60களில் படத்துக்கு ஒருமுறை, இசைத்தட்டுக்கு ஒருமுறை என்று தனித்தனியாக வாசித்துப் பதிவது சாதாரண விஷயம். ஹென்றி மான்சினி 'பீட்டர் கன்' தொலைக்காட்சித் தொடருக்கு அமைத்த இசையின் ஆல்பம், 1959இல் நடந்த முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வென்றது. அந்த ஆல்பமே தட்டுக்கென்று மறுபடி வாசித்துப் பதிந்ததுதான். இதற்குக் காரணங்கள் உண்டு. காட்சிக்கு எழுதிய இசைத்துண்டு நாற்பது விநாடியில், கதவு சாத்தும் சத்தத்தோடு முடிந்துவிடலாம். தனியாக உட்கார்ந்து கேட்க அதற்கு ஒரு தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் வேண்டும். படத்தின் ஒலி மோனோவில் இருக்கும், வாங்குபவர் ஸ்டீரியோ தட்டு கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தப்படி, படத்துக்காக வாசித்த பதிவை ஆல்பமாக வெளியிட்டால் வாசித்தவர்களுக்கு மறுபயன்பாட்டுத் தொகை தனியே தர வேண்டும். சிறிய குழுவை வைத்துப் புதிதாகப் பதிவது பல சமயம் அதைவிட மலிவாக முடிந்தது.

அட்டையில் அச்சிட்டிருக்கும் சொற்களே பாதி உண்மையைச் சொல்லிவிடும். 'ஒரிஜினல் ஸ்கோர்' என்றிருந்தால் பின்னணி இசை. 'ஒரிஜினல் மோஷன் பிக்சர் சவுண்ட்டிராக்' என்றிருந்தால் பாடல்களாகவும் இருக்கலாம், பின்னணி இசையாகவும் இருக்கலாம். பின்னட்டையின் பட்டியலைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. 'மியூசிக் ஃப்ரம் அண்ட் இன்ஸ்பயர்டு பை' என்று கண்டால் அங்கேயே நிதானியுங்கள். படத்தில் ஒரு விநாடிகூட ஒலிக்காத பாடல்கள் அதில் இடம்பெறலாம். படம் முழுக்க நம்மைக் கட்டிப்போட்ட பின்னணி இசைக்குக் கடைசியில் ஒரே ஒரு துண்டு ஒதுக்கியிருப்பார்கள்.

அடுத்து நேரம். 1948இல் வந்த, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் நிம்மதியாகப் பதியலாம். அதற்கு மேல் போனால் வரிகளை, அதாவது ஊசி ஓடும் பள்ளங்களை, நெருக்கிப் போட வேண்டும், ஒலியளவைக் குறைக்க வேண்டும், தாழ்ந்த சுரங்களின் வலு போய்விடும். அதனால் தொண்ணூறு நிமிட இசையும் நாற்பது நிமிடமாகச் சுருங்கியது. 1982இல் சிடி வந்து 74 நிமிடம் கிடைத்தும் நிலைமை உடனே மாறவில்லை. 1990களில் வெளியான பல ஹாலிவுட் பின்னணி இசை சிடிக்கள் முப்பது நிமிடத்தில் நின்றுவிட்டதற்கு மேலே சொன்ன மறுபயன்பாட்டுத் தொகையே காரணம். இடம் இருந்தும் இசையை விட்டுவைத்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆயிரம், மூவாயிரம் படிகள் என்ற கணக்கில் முழு இசையையும் வெளியிடும் சிறு நிறுவனங்கள் பிறந்தன. படிகள் தீர்ந்தால் மறுபதிப்பு வரலாம், வராமலும் போகலாம். ஆகவே இந்த வகை வெளியீடுகளில் பதிப்பு ஆண்டும் படிகளின் எண்ணிக்கையும் அலங்காரத் தகவல் அல்ல.

தொலைக்காட்சி இசை தனி உலகம். வாரம் ஒரு பகுதிக்கு முழுவதும் புதிதாக இசை பதிய நேரமோ பணமோ இருக்காது. சில பகுதிகளுக்கு மட்டும் எழுதிப் பதிந்துவிட்டு, அதே துண்டுகளை மற்றப் பகுதிகளில் வெட்டி ஒட்டுவார்கள். நமக்குப் பிடித்த சண்டைக் காட்சியின் இசை ஆல்பத்தில் வேறொரு பகுதியின் பெயரில் இருப்பது அதனால்தான். 1960களின் 'ஸ்டார் டிரெக்' தொடருக்கு லா-லா லேண்ட் நிறுவனம் 2012இல் 15 சிடிக்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. இப்படிப்பட்ட தொகுப்பைக் கையில் எடுத்தால் முதலில் அதனோடு வரும் சிறுநூலைப் படியுங்கள். எந்தத் துண்டு எந்தப் பகுதிக்கு எழுதப்பட்டது, பிறகு எங்கெல்லாம் மறுபடி பயன்பட்டது என்ற கணக்கு நல்ல சிறுநூல்களில் இருக்கும்.

சில சிறுநூல்களில் இசைத்துண்டின் தலைப்புக்குப் பக்கத்தில் '3எம்2' போன்ற குறி காணப்படும். மூன்றாவது படச்சுருளில் வரும் இரண்டாவது இசைத்துண்டு என்று பொருள். 35 மி.மீ. சுருள் 1,000 அடி என்றால் 11 நிமிடம், 2,000 அடி என்றால் 22 நிமிடம். குறியைப் பார்த்ததுமே அந்த இசை படத்தின் எந்தப் பகுதியில் வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆல்பத்தின் வரிசை கேட்கும் சுவைக்காக மாற்றப்பட்டிருக்கும். கதை வரிசையில் கேட்க விரும்பினால் இந்தக் குறிகளை வைத்துத் தனிப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ஆல்பத்தின் மூல வரிசையைக் கலைக்க வேண்டாம். அதைத் தீர்மானித்ததில் பல நேரம் இசையமைப்பாளரின் கையும் இருக்கிறது.

பழைய தட்டு வாங்கும்போது ஒரே ஒரு விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். பரவலான வெளிச்சத்தில் கீறல் ஒளிந்துகொள்ளும். கீறல் தெரிந்தால் நகத்தின் பின்புறத்தால் மெல்லத் தடவுங்கள். நகத்தில் தட்டுப்பட்டால் ஊசியிலும் தட்டுப்படும். 33⅓ சுற்றில் ஒரு சுழற்சி 1.8 விநாடி. வரிகளைக் குறுக்கே வெட்டும் கீறல் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்னும். பத்து டிக் என்றால் பதினெட்டு விநாடி இசை போயிற்று. ஆட்டம் போட வைக்கும் பாட்டுத் தட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வயலின்கள் காதுக்கெட்டியும் எட்டாமலும் இழையும் பின்னணி இசையில் ஒவ்வொரு டிக்கும் தனியே நிற்கும். எனவே பாடல் தட்டுக்குப் போதுமான தரம் பின்னணி இசைத் தட்டுக்குப் போதாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை ஓடிய தட்டு. லேபிளுக்கும் கடைசி வரிக்கும் இடையே உள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை லேபிளைவிட அந்த எண்தான் நம்பகமாகச் சொல்லும். 1970ஆம் ஆண்டின் முதல் பதிப்பு என்று தரும் தட்டின் அட்டையில் பார்கோடு அச்சாகியிருந்தால் அது மறுபதிப்பு. அந்தக் காலத்துத் தட்டுகளில் பார்கோடே கிடையாது.

உச்சக்காட்சி இசை கரகரப்பதற்கு எப்போதும் தட்டின் தேய்மானத்தைக் குறை சொல்ல வேண்டாம். வெளிவரியில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. தட்டு ஓடுகிறது, உள்வளையத்துக்கு வரும்போது அது 21 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். அதே இசையை இரண்டரை மடங்கு குறுகிய இடத்தில் திணிக்க வேண்டியிருக்கிறது. படத்தின் மிகப் பெரிய முழக்கமோ இரண்டாம் பக்கத்தின் கடைசியில், மிக நெருக்கடியான அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். ஒரே இசை ஒற்றைத் தட்டாகவும் இரட்டைத் தட்டாகவும் கிடைத்தால், பக்கத்துக்கு 18 நிமிடத்தைத் தாண்டாத இரட்டைத் தட்டை எடுப்பது நல்லது. மொத்த நேரத்தை அச்சிடுங்கள் என்று கேட்பதன் ஒரு காரணம் இது.

சுத்தம் செய்ய, காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து, மென்மையான தூரிகையால் வரியோடு வட்டமாகத் துடைக்க வேண்டும். லேபிள் நனையக் கூடாது. இதை 78 சுற்று அரக்குத் தட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள்! ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஒரே துடைப்பில் தட்டு பாழ். அரக்குத் தட்டுக்கு ஊசியும் வேறு. ஸ்டீரியோ எல்பி ஊசியின் நுனி ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான், 78க்கு 76 மைக்ரான். சிறிய ஊசி அகன்ற வரியின் அடியில் கிடந்து இரைச்சலை மட்டும் எடுத்துத் தரும். உள்ளுறை பாலித்தீனாக இருக்கட்டும். பிவிசி உறையில் உள்ள மென்மையாக்கி நாளடைவில் கசிந்து தட்டின் மேல் மங்கலான படலத்தை ஏற்படுத்தும், அது துடைத்தாலும் போகாது. தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். அட்டையோடு ஒரு எல்பி 250 முதல் 300 கிராம் இருக்கும். நூறு தட்டு என்றால் 25 கிலோவுக்கு மேல். புத்தக அலமாரியின் மெல்லிய பலகை வளைந்தால் தட்டும் வளையும்.

சிடி அழியாது என்பது தவறான நம்பிக்கை. ஒளி புகும் அடிப்பக்கத்தில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் பாதுகாப்பு உண்டு. லேபிள் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே பிரதிபலிக்கும் படலம். ஆகவே லேபிள் பக்கக் கீறல்தான் ஆபத்து. விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் வாங்க வேண்டாம். பிரிட்டனில் ஓர் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிக்கள் பல, விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போயின. அவற்றில் திரையிசையும் உண்டு. பழைய இரட்டை சிடி பெட்டிகளில் வைத்திருக்கும் பஞ்சு அட்டையை இன்றே எடுத்தெறியுங்கள். அது பிசினாக உருகிச் சிடியில் ஒட்டிக்கொள்ளும். சிடியைத் துடைக்கும் முறை எல்பிக்கு நேர் எதிர்: நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாக.

அதிகாரபூர்வமாக வெளிவராத இசையைத் திருட்டு சிடியாக விற்பவர்கள் உண்டு. அடிப்பக்கம் பச்சையோ ஊதாவோ அடித்தால் கணினியில் எழுதியது. ஐரோப்பிய டிவிடியிலிருந்து உருவியது என்றால் இன்னொரு குறை: அங்கே விநாடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தை 25ஆக ஓட்டுவார்கள். நூறு விநாடி இசை 96 விநாடியில் முடியும், சுருதியும் அரைச்சுர இடைவெளியில் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும். இசையின் இயல்பே மாறிப்போகிறது.

கணினியில் ஏற்றும்போது ஃபிளாக் போன்ற இழப்பற்ற வடிவமே போதும். படம் வந்த ஆண்டையும் பதிப்பு வந்த ஆண்டையும் இரண்டு தனிப் புலங்களில் எழுதுங்கள். இரண்டையும் குழப்பினால் பிறகு எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்றே தெரியாது.

இவ்வளவு சொன்னதால் மறுபதிவுகள் மட்டம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1970ஐ ஒட்டி ஹாலிவுட் படநிறுவனமான எம்ஜிஎம் தன் இசை நூலகத்தின் இசைக்குறிப்புத் தாள்களை மொத்தமாகக் குப்பையில் கொட்டியது. பல இசைத் திரைப்படங்களின் முழு வாத்தியக் குறிப்புகள் அப்படியே அழிந்தன. மிஞ்சிய சுருக்கக் குறிப்புகளை வைத்தும், படத்தின் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டும் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் எழுதி மீட்ட பிறகே அவற்றை இன்று மறுபடி வாசிக்க முடிகிறது. அது மாபெரும் உழைப்பு. அந்த உழைப்புக்குரிய மரியாதை, அதை 'மறுபதிவு' என்று தெளிவாக அச்சிடுவதுதான்.

நான் கேட்கும் இரண்டு வரி இப்படி இருந்தால் போதும்: 'ஸ்டார் டிரெக்: தி மோஷன் பிக்சர். இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். படத்துக்கு வாசித்த மூலப் பதிவு, ஸ்டீரியோ. 3 சிடி, 2012 பதிப்பு. 1979இல் ஒற்றை எல்பியாக வந்த ஆல்பமும் இதில் அடக்கம்.' இதோடு மொத்த நேரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திரையிசை ஆல்பங்கள் சேகரிக்கும் வாசகர்